சர்க்கரை நோய்க்கான புதிய சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. அந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர் இந்த நோயுடன் வாழ்கிறார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இதற்கான சிகிச்சை அடியோடு மாறிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் பேச்சு இன்னும் "சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியால் காப்பாற்றியிருக்கக்கூடிய சிறுநீரகங்களும் இதயங்களும் வீணாகப் போகின்றன. கீழே உள்ளவை பெரும்பாலும், பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றியவை. கணையம் இன்சுலினையே சுரக்காமல் போகும் முதல் வகையைப் பற்றித் தனியே ஒரு கேள்வி இருக்கிறது.

புதிய மருந்துகளால் அப்படி என்ன மாறியிருக்கிறது?

மருந்தின் நோக்கமே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மாத்திரை ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்தால் போதும், அது நல்ல மருந்து. 2007இல் ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை சர்க்கரையைக் குறைத்தாலும் மாரடைப்பைக் கூட்டக்கூடும் என்ற சந்தேகம் கிளம்பியது. இந்தியா 2010இல் அதைத் தடை செய்தது. இதற்கிடையில், 2008இல், புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் அது இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்தாக வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிபந்தனை விதித்தது.

கெடுதல் இல்லை என்று காட்டுவதற்காக நடத்திய அந்தப் பெரிய ஆய்வுகளில் யாரும் எதிர்பார்க்காத நன்மை தெரிந்தது. 2015இல் வெளியான எம்பாகுளிஃப்ளோசின் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த ஏழாயிரம் பேரில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதய நோயால் ஏற்படும் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு சர்க்கரை மாத்திரை உயிரைக் காக்கிறது என்ற செய்தி மருத்துவ உலகையே உலுக்கியது. இன்று சர்க்கரை அளவோடு இதயம், சிறுநீரகம், எடை ஆகியவற்றையும் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் மெட்ஃபார்மினை விட்டுவிடலாமா?

வேண்டாம். சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை 1950களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. விலை குறைவு, எடையைக் கூட்டாது, தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரை (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) ஏற்படுவது அரிது. "அது கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதாகியிருந்தால் மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தால் வரும் கால் மரத்துப்போதலைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று நினைத்துவிடுவது உண்டு.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை என்கிறார்களே, அது என்ன?

டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின், கானாகுளிஃப்ளோசின் என்று "குளிஃப்ளோசின்" என முடியும் மாத்திரைகள் இவை. எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான்கள் என்பது இவற்றின் வகைப்பெயர். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் இந்தக் குடும்பத்தின் மூதாதை.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் இருக்கும் சர்க்கரை முழுவதையும் வீணாக்காமல் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. அந்தத் திரும்பப் பெறும் வேலையில் பெரும்பங்கைச் செய்யும் புரதத்தை இந்த மாத்திரை தடுக்கிறது. விளைவாக நாளொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. கொஞ்சம் உப்பும் நீரும் கூடவே போவதால் ரத்த அழுத்தமும் சற்று இறங்குகிறது. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளுக்குள் இருக்கும் மிகை அழுத்தம் குறைகிறது. சர்க்கரை நோயில் அந்த அழுத்தம்தான் வடிகட்டிகளைப் பல ஆண்டுகளில் பாழாக்குகிறது.

2019, 2020இல் வந்த ஆய்வுகள் இவை சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுவதையும், இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோயே இல்லாவிட்டாலும் பயன் தருவதையும் காட்டின. அதனால் இதய மருத்துவர் ஒருவர் சர்க்கரை இல்லாத உங்கள் தாயாருக்கு டாபாகுளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்தால் பதற வேண்டாம்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்றுதான் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர்.

அதற்குப் பக்கவிளைவுகள் இல்லையா?

உண்டு. சர்க்கரை கலந்த சிறுநீர் படுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். நம் பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் கழுவித் துடைத்து உலர வைத்துக்கொண்டால் பெருமளவு தவிர்க்கலாம். வந்தாலும் எளிய மருந்தில் சரியாகிவிடும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரிதாக, ஆனால் ஆபத்தானதாக வருவது கீட்டோஅசிடோசிஸ். உடல் கொழுப்பை எரித்து ரத்தம் அமிலமாகிவிடும் நிலை. சாதாரணமாக இது சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போதுதான் வரும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே வரக்கூடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, கிரியேட்டினினும் நார்மல். சிறுநீரகத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ரத்தத்தில் சேரும் ஒரு கழிவை அளந்து சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், தாமதமாகப் பேசும் பரிசோதனை. சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறக்குறையப் பாதி போன பிறகும் அது நார்மல் எல்லைக்குள் நிற்கக்கூடும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியத் தொடங்கிவிடுகிறது. கால் வீங்காது, வலிக்காது, எந்த அறிகுறியும் தெரியாது. ஒரு சிறிய டப்பாவில் காலைச் சிறுநீரைக் கொடுத்தால் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று ஒரு எண் வரும். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. அதற்கும் மேலே என்றால் கசிவு அதிகம்.

இந்த 30–300 கட்டம்தான் பொன்னான நேரம். இங்கே பிடித்துவிட்டால் ரத்த அழுத்த மருந்துகளில் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்றவையும், மேலே சொன்ன குளிஃப்ளோசின்களும், தேவைப்பட்டால் ஃபினெரினோன் என்ற புதிய மாத்திரையும் சேர்ந்து டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன. ஃபினெரினோனில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசியும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 2024இல் நிரூபணமானது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடுமையான உடற்பயிற்சி ஆகியவை இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாகக் கூடும். அதனால் ஒருமுறை அதிகமாக வந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை இரண்டாம் வகை நோயாளிகள் எல்லோருக்கும், நோய் தெரிந்த முதல் நாளிலிருந்தே வேண்டும். உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். அதில் இந்த வரி இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

வாரம் ஒருமுறை போடும் ஊசி என்று எல்லோரும் பேசுகிறார்களே?

நாம் சாப்பிட்டவுடன் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்வதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், "போதும்" என்ற உணர்வை மூளைக்குத் தருவதும் அதன் வேலை. ஆனால் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அமெரிக்கா, மெக்சிகோ பாலைவனங்களில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், இதைப் போலவே செயல்பட்டு எளிதில் சிதையாத ஒரு பொருள் கிடைத்தது. அதன் வழியாக 2005இல் எக்செனடைடு ஊசி வந்தது. அடுத்தடுத்து மேம்பட்டு இன்று ஒரு வாரம் உடலில் தங்கும் செமாகுளுடைடு வரை வந்திருக்கிறது. டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இது மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது.

சர்க்கரை நோய் இல்லாத பருமனானவர்களிடம் செய்த ஆய்வுகளில் செமாகுளுடைடு சராசரியாக 15 சதவீதம், டிர்செபடைடின் அதிகபட்ச அளவு சுமார் 21 சதவீதம் எடையைக் குறைத்தன. சர்க்கரை நோயாளிகளுக்கு எடைக் குறைவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

செமாகுளுடைடு மாத்திரையாகவும் 2022 முதல் இங்கே கிடைக்கிறது. அதைச் சாப்பிடும் முறையில் கொஞ்சமும் சலுகை கிடையாது. எழுந்தவுடன் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் காபி உட்பட எதுவும் கூடாது. காபியோடு விழுங்கினால் அத்தனை விலை கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே போகும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை தொடக்கத்தில் சகஜம். அளவை மெதுவாகக் கூட்டுவதே அதற்காகத்தான். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கண் விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகக்கூடும். ஆகவே ஊசியைத் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எடை குறைந்ததும் ஊசியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்பி வருகிறது. செமாகுளுடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலம் தொடர வேண்டிய மருந்தாகத்தான் இதை நினைக்க வேண்டும். திருமணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்வது என்ற யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நமக்கென்று ஒரு கவலையும் உண்டு. ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பும் குறைவான தசையும் கொண்ட உடல்வாகு இந்தியர்களிடம் அதிகம். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. வயதானவர்களுக்குத் தசை போனால் நடையும் சமநிலையும் போகும். பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் என்று புரதத்தைக் கூட்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யாமல் இந்த ஊசியைப் போடவே கூடாது என்பது என் கருத்து.

இதெல்லாம் பணக்காரர்களுக்கான மருந்துகள்தானே?

குளிஃப்ளோசின்களைப் பொறுத்தவரை இனி அப்படிச் சொல்ல முடியாது. டாபாகுளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தது. எம்பாகுளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், சுமார் 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரையைப் பல இந்திய நிறுவனங்கள் 10 ரூபாய்க்கும் கீழே கொண்டுவந்தன. பழைய விலையை நினைத்து இதைத் தவிர்த்தவர்கள் மறுபடி டாக்டரிடம் பேச வேண்டும். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை. அதன் பிறகு ஊசியின் விலையிலும் போட்டிக்கு வழி திறக்கிறது.

மெட்ஃபார்மின், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு, ரத்த அழுத்த மாத்திரைகள் போன்றவற்றுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

இன்சுலின் தொடங்கினால் அது கடைசிக் கட்டமா?

இல்லவே இல்லை. இரண்டாம் வகை நோயில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தின் சுரப்பு குறைகிறது. அந்தக் குறையை நிரப்புவதுதான் இன்சுலின். இந்தப் பயத்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பத்து, பதினொன்று என்று இருக்கும்போதே ஐந்தாறு ஆண்டுகள் இன்சுலினைத் தள்ளிப்போட்டு, அதற்குள் கண்ணையும் காலையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். நொந்துபோக வைக்கும் விஷயம் இது.

ஊசி இப்போது நான்கு மில்லிமீட்டர் நீளம்தான். போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பேனாவில் புது ஊசியைப் பொருத்தி, முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி நுனியில் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உங்கள் அளவைத் திருகி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுக் குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். நாள்தோறும் இடத்தை மாற்ற வேண்டும். வலிக்கவில்லை என்று ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே தோலுக்கு அடியில் கட்டிபோலத் தடிக்கும். அந்தத் தடிப்பில் போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாமல் ஒரு நாள் 300, மறுநாள் 60 என்று ஆட்டம் காட்டும். விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டி இடத்தை மாற்றுங்கள். நல்ல இடத்தில் இன்சுலின் முழுதாக வேலை செய்யும் என்பதால் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக் இன்சுலினுக்கு ஐரோப்பாவில் 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் அவசியமா?

முதல் வகை நோயாளிகளுக்கும், பல வேளை இன்சுலின் போடுபவர்களுக்கும், தூக்கத்தில் தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் அது பெரிய வரம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை பதினான்கு நாள் போட்டுப் பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம். வெண்பொங்கல் சாப்பிட்ட பிறகு கோடு எங்கே ஏறுகிறது, அதே காலையில் இரண்டு இட்லியோடு நிறையச் சாம்பாரும் முட்டையும் சாப்பிட்டு இருபது நிமிடம் நடந்தால் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு அறிவுரை தேவைப்படாது. 70க்கும் 180க்கும் இடையில் ஒரு நாளின் 70 சதவீத நேரமாவது இருப்பது பெரும்பாலோருக்கான இலக்கு. சென்சார் அளப்பது தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை என்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். உடல் படபடத்து, சென்சார் நார்மல் என்று காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள்.

கண் பரிசோதனையில் ஏதாவது புதியது உண்டா?

விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சென்னை சங்கர நேத்ராலயாவுக்கும் பங்கு உண்டு. கூகுளுடன் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2016இல் வெளியானது. கண் மருத்துவர் இல்லாத ஊரிலும் படம் எடுத்து ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இதனால் வழி பிறந்திருக்கிறது. விழித்திரை மையத்தில் நீர் கோத்தால் கண்ணுக்குள் போடும் ஊசிகள் பார்வையை மீட்கின்றன. புதியவற்றைச் சிலருக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். பார்வை தெளிவாக இருக்கிறது என்பதால் ஆண்டுப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகுமா?

சிலருக்கு மருந்தில்லாத நிலைக்குத் திரும்ப முடிகிறது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் அதைத் தணிவு நிலை என்கிறார்கள். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி உணவில் இருந்தார்கள். ஓராண்டின் முடிவில் 46 சதவீதம் பேர் தணிவு நிலையில் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்த விகிதம் 36 சதவீதமாக இறங்கியது. எடை ஏறினால் நோயும் திரும்புகிறது. கண், சிறுநீர்ப் பரிசோதனைகள் தணிவு நிலையிலும் தொடர வேண்டும்.

சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே நல்ல செய்தி உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவிலும் நடையிலும் செய்த மாற்றம் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், செல்போனில் அடிக்கடி அனுப்பிய நினைவூட்டல் செய்திகளே 36 சதவீதம் குறைத்தன.

"ஒரு மண்டலத்தில் நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூலிகைப் பொடி என்று விற்றவற்றில் ஆங்கில மாத்திரைகள் கலந்திருந்ததும், அதைச் சாப்பிட்டவர்கள் தாழ்சர்க்கரையில் மயங்கியதும் நடந்திருக்கிறது.

முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தைகளுக்கு என்ன வந்திருக்கிறது?

டெப்ளிசுமாப் என்ற மருந்து, நோய் முழுதாக வெளிப்படும் முன்பே கொடுத்தால் அதைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அந்தச் செல்களை உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர வேண்டும். ஆகவே இப்போதைக்குக் குழந்தைக்கு இன்சுலினும் சென்சாரும்தான் உயிர். "ஸ்டெம் செல் சிகிச்சை இங்கேயே செய்கிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

காய்ச்சல், விரதம், ஆபரேஷன் நாட்களில் மருந்துகளை என்ன செய்வது?

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் இருந்தால் மெட்ஃபார்மினையும் குளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிக்கலாம். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே குளிஃப்ளோசினை நிறுத்த வேண்டியிருக்கும். வார ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும். ஏகாதசி, ரமலான் நோன்பு இருப்பவர்கள் கிளிமிபிரைடு, இன்சுலின் அளவுகளை மாற்றாமல் விரதம் இருந்தால் தாழ்சர்க்கரை வரும். ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்.

முதல் வகை நோயாளிகள் மட்டும், ஒரு கவளம் கூடச் சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருபோதும் முழுதாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து, வாந்தி நிற்கவில்லையென்றால் இரவு என்று பாராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.